பாமாயில் உறையக்கூடியதாச்சே, கப்பலில் எப்படிக் கொண்டுவருகிறார்கள்?

உறையும், ஆனால் மெழுகுக்கட்டி மாதிரி முழுசாக இறுகாது. கச்சா பாமாயில் ஆற ஆற, அதில் சீக்கிரம் உறையும் பகுதியான ஸ்டியரின் பொடிப்பொடியாகப் பிரிந்து அடியில் படியும். திரவமாகவே இருக்கும் பகுதியான ஓலின் மேலே தெளிந்து நிற்கும். பம்ப் உறிஞ்சும் இடமோ அடியில்தான் இருக்கிறது! அதனால் சுமத்ராவின் டுமாயிலிருந்து குஜராத்தின் காண்ட்லாவுக்கு வரும் சரக்கு, பெரும்பாலும் கெமிக்கல் டாங்கரில், அடியில் ஸ்டீம் காயில் (நீராவி ஓடும் சூடேற்றும் குழாய்) ஓடும் டாங்குகளில் வரும்.

கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) நெறிமுறைப்படி பயணத்தில் 32 முதல் 40 டிகிரி, இறக்கும்போது 50 முதல் 55. பலரும் கோட்டை விடுவது இடையில் சூட்டைக் கூட்டுவதில். 24 மணி நேரத்துக்கு 5 டிகிரிக்கு மேல் சூடு கூட்டக்கூடாது. 35-லிருந்து 52-க்குக் கொண்டுபோக மூன்றரை நாளாவது வேண்டும். துறைமுகம் நெருங்கிய பிறகு விழித்துக்கொண்டு ஸ்டீமை முழுசாகத் திறந்தால், நடுவில் தொங்கும் தெர்மாமீட்டர் 42 என்று சாதுவாகக் காட்டும். காயிலை ஒட்டிய எண்ணெய் அதற்குள் கருகியிருக்கும். அந்த நிறத்தை ரிஃபைனரியில் வெளுக்க வைப்பது பெரும்பாடு. காயில் முழுக்க எண்ணெயில் மூழ்காமல் ஸ்டீம் விடுவதும் இதே வினைதான்.

என்னைக் கேட்டால் இதைவிட மோசம் காயில் ஓட்டை. நீர் கலந்தால் எண்ணெய் சிதைந்து கொழுப்பமிலம் ஏறும். கச்சா பாமாயிலுக்கு ஒப்பந்தங்களில் வழக்கமான உச்சவரம்பு 5 சதவீதம். அதைத் தாண்டினால் விலையில் வெட்டு விழும். சரக்கு ஏற்றுவதற்கு முன்பே காயிலுக்கு அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். பயணத்தில், காயிலிலிருந்து திரும்பி வரும் நீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

செம்பு, பித்தளை வால்வுகள் கூடவே கூடாது. எண்ணெய் சீக்கிரம் சிக்குப்பிடிக்கும். குழாயில் மிச்சத்தை ஊதித் தள்ள நைட்ரஜன் நல்லது, காற்று அல்ல.

கடைசியில் தரையில் ஒட்டிக்கிடக்கும் ஸ்டியரினை ஆட்கள் இறங்கி ரப்பர் தள்ளுகோலால் பம்ப் பக்கம் ஒதுக்குவார்கள். சமையல் எண்ணெய்தானே என்று அப்படியே இறங்கிவிடக் கூடாது: எண்ணெய்ப் பூச்சே ஆக்சிஜனைத் தின்னும், ஊதிய நைட்ரஜனும் தங்கியிருக்கலாம். காற்றோட்டம் கொடுத்து, மேல், நடு, அடி மூன்றிலும் ஆக்சிஜன் மீட்டர் 20.9 சதவீதம் காட்டிய பிறகுதான் ஏணியில் கால் வைக்கலாம்.