முதல் குடத்தில் மட்டும் சாக்கடை வாடை: காய்ச்சினால் போதுமா?

கேள்வி: சென்னை புளியந்தோப்பில் தரைத்தளத்தில் குடியிருக்கிறோம். காலையில் மெட்ரோ வாட்டர் வந்ததும் முதல் இரண்டு குடம் சாக்கடை வாடை அடிக்கிறது. அப்புறம் தெளிந்துவிடுகிறது. தெளிந்ததைத்தான் பிடித்து, துணியில் வடிகட்டிக் குடிக்கிறோம். நான்கு வயதுப் பேரனுக்கு அடிக்கடி பேதி. போன மாதம் மகனுக்கு மஞ்சள் காமாலை வந்து, கீழாநெல்லி கொடுத்துச் சரியானது. பக்கத்து வீட்டில் ஆர்.ஓ. மெஷின் போடச் சொல்கிறார்கள். காய்ச்சினால் போதாதா? மருமகள் வேறு ஏழு மாதம்.
வாசகி, புளியந்தோப்பு

பதில்: அம்மா, ஆர்.ஓ. மெஷினைப் பற்றி அப்புறம் பேசலாம். கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, மருமகள் ஏழு மாதம் என்று, முதலில் அதைப் பார்ப்போம்.

சாக்கடை கலந்த தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ என்ற கல்லீரல் வைரஸால் வருவது. பெரியவர்களுக்கு வந்தால் ‘ஈ’ மீதுதான் சந்தேகம் அதிகம். மகனுக்குப் பெரும்பாலும் கீழாநெல்லி இல்லாமலே சரியாகியிருக்கும். இந்த இரண்டு காமாலையும் பொதுவாகத் தானாக அடங்குபவை. ஆனால் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் ‘ஈ’ தாக்கினால் நூற்றில் 20 முதல் 25 பெண்கள் வரை உயிரிழக்கக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிருமி உள்ளே போய் 2 முதல் 10 வாரம் கழித்துத்தான் நோய் தெரியும். மகன் குடித்த அதே தண்ணீரைத்தான் மருமகளும் குடித்திருக்கிறார். ஆகவே இனிப் பிறக்கும்வரை பசியின்மை, வாந்தி, கடுகெண்ணெய் நிறத்தில் சிறுநீர், கண்ணில் மஞ்சள், இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே பிரசவம் பார்க்கும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். நாட்டு மருந்தும் வேண்டாம், மந்திரிப்பதும் வேண்டாம். அடுத்த செக்கப்பில் வீட்டில் ஒருவருக்குக் காமாலை வந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை தேவையா என்று அவர் முடிவு செய்வார். குடிக்க மட்டுமல்ல, பல் துலக்கவும் காய்ச்சிய தண்ணீரே கொடுங்கள்.

பேரனுக்குப் பேதி ஆகும்போதெல்லாம் ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுசாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் போடுவது இங்கே வழக்கமாகிவிட்டது, அது தப்பு. கூடவே துத்தநாக மாத்திரை, தினம் 20 மில்லிகிராம், 14 நாள். பேதி நின்றாலும் நிறுத்தக் கூடாது. மலத்தில் ரத்தம் வந்தாலும், பையன் சோர்ந்து கிடந்தாலும் வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

சரி, முதல் குடம் மட்டும் ஏன் நாறுகிறது? நமக்குத் தண்ணீர் விடுவது சில மணி நேரம்தான். நிறுத்தியதும் குழாய்க்குள் அழுத்தம் போய்விடுகிறது. துருப்பிடித்த குழாயிலோ தளர்ந்த இணைப்பிலோ ஓட்டை இருந்து, பக்கத்தில் கழிவுநீர் கசிந்தால், அது உள்ளே இறங்கித் தேங்கும். மறுநாள் தண்ணீர் வரும்போது முதலில் வெளியே வருவது அதுதான். லைனில் நேராக மோட்டார் போட்டு இழுத்தால் கேட்கவே வேண்டாம். இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவதுபோல மண்ணிலிருக்கும் சாக்கடையையும் சேர்த்து உறிஞ்சும். வாடை போய்விட்டது என்பதால் கிருமி போய்விட்டது என்று அர்த்தமில்லை. துணியில் வடிகட்டினால் மண்ணும் தூசியும் நிற்கும், வைரஸ் நிற்காது. படிகாரமும் தேத்தாங்கொட்டையும் அப்படித்தான், தெளிய வைக்குமே தவிர நம்பிக் குடிக்கிற அளவுக்குக் கிருமியைக் கொல்லாது.

காய்ச்சினால் போதும், கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விட்டால் சரி. கெட்டுப்போவது அதற்குப் பிறகுதான். காய்ச்சியதைக் கழுவாத குடத்தில் ஊற்றி, விரல் நனைய டம்ளரை விட்டு மொண்டால் பாடுபட்டதெல்லாம் வீண். காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி வையுங்கள், அல்லது குழாய் வைத்த டிரம்மில் ஊற்றுங்கள். வாடை அடிக்கிற தண்ணீரைக் காய்ச்சியும் குடிக்க வேண்டாம். கிருமி சாகும், கரைந்திருக்கும் ரசாயனம் போகாது.

ஆர்.ஓ. முக்கியமாக உப்புத் தண்ணீருக்கானது. புழல், செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரில் அதை வைத்து எடுக்கிற அளவுக்கு உப்பு கிடையாது. வீட்டு மெஷினில் ஒரு லிட்டர் எடுக்க இரண்டு, மூன்று லிட்டர் சாக்கடைக்குப் போகும். போர் தண்ணீரைக் குடிக்கும் வீட்டுக்கு அது வேறு கணக்கு. கேன் வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் சீலும் பாருங்கள். வெயிலில் அடுக்கி வைத்த, உள்ளே பச்சை படிந்த கேனைத் திருப்பி அனுப்புங்கள்.

இதெல்லாம் இடைக்கால ஏற்பாடுதான், ஓட்டையை அடைக்கிற வரைக்கும். பக்கத்து வீடுகளிலும் வாடை அடிக்கிறதா என்று முதலில் கேளுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் என்றால், மெயின் லைனிலிருந்து உங்களுக்கு வரும் குழாயில்தான் கோளாறு. பல இடங்களில் அது கழிவுநீர் சேம்பரை ஒட்டியே போகும். தெரு முழுக்க என்றால் நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து குடிநீர் வாரியத்தின் 044-45674567 எண்ணில் புகார் கொடுத்து, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாரியத்தின் டிப்போவிலிருந்து (பகுதி அலுவலகத்திலிருந்து) ஆள் வந்தால் குளோரின் பார்க்கச் சொல்லுங்கள். சின்னச் சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விடுவார், மஞ்சள் நிறம் வர வேண்டும். வராவிட்டால், குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் போட்டனுப்பிய குளோரினை வழியிலேயே அழுக்கு தின்றுவிட்டது என்று பொருள். அது சரியாகும்வரை லாரித் தண்ணீர் கேளுங்கள், தயங்காதீர்கள்.

கழிவுநீர் ஏன் கசிகிறது என்பதில் நம் பங்கும் உண்டு. நாப்கின், டயப்பர், பொரித்த எண்ணெய், காப்பிச் சக்கை எல்லாம் போய் அடைத்து, மேன்ஹோல் பொங்கி, அந்த நீர்தான் குடிநீர்க் குழாயைச் சூழ்ந்து நிற்கிறது. எண்ணெயைப் பாட்டிலில் சேர்த்துக் குப்பை வண்டியில் கொடுங்கள். காலாவதியான மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள், ஆன்டிபயாடிக் என்றால் நிச்சயமாகக் கூடாது. தெருவில் சிலர் கழிப்பறைக் குழாயை மழைநீர் வடிகாலில் விட்டிருப்பார்கள்; அது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் பக்கமே போகாமல் ஓட்டேரி நல்லா ஓடை, பக்கிங்காம் கால்வாய் என்று நேரே கடலுக்குப் போகிறது. அதையும் புகாரில் சேர்த்துச் சொல்லலாம், சண்டை வரும்தான்.

பழுது பார்த்த பிறகு சம்ப்பை, அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புங்கள். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டுப் புழங்குங்கள். சம்ப் மூடி தரைமட்டத்தில் இருந்தால் ஐப்பசி மழைக்குள் ஒரு சாண் உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள்.