பள்ளி பஸ் சோதனை: காலை ஒன்பதே கால் மணியை வீணாக்காதீர்கள்

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். இந்த வருடம் பஸ் பொறுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். ஒன்பது பஸ்கள், இரண்டு வேன்கள். எல்லாவற்றுக்கும் எஃப்.சி. (தகுதிச் சான்றிதழ்) இருக்கிறது, மே மாத ஆய்விலும் பாஸ் ஆகிவிட்டன. பாதி வண்டிகள் இரவில் டிரைவரின் ஊரிலேயே நிற்கும். தினமும் டிரைவர்கள் ஒரு நோட்டில் டிக் அடித்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். எனக்குக் கனரக வண்டி ஓட்டத் தெரியாது. தினசரி சோதனை என்றால் உண்மையில் என்ன பார்க்க வேண்டும்? கிளம்பும் முன் பார்த்தால் போதாதா, டிரிப் முடிந்தும் பார்க்க வேண்டுமா?

பதில்: முதலில் அந்த நோட்டை எடுத்து, கடந்த மூன்று மாதப் பக்கங்களைப் புரட்டுங்கள். எங்காவது ஓர் இடத்தில் "பின்பக்க இண்டிகேட்டர் எரியவில்லை", "கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை" என்று எழுதியிருக்கிறதா? ஒன்றுகூட இல்லை, பக்கம் பக்கமாக டிக்தான் என்றால், வண்டியைப் பார்க்காமலே நோட்டு எழுதப்படுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கிராமத்து ரோட்டில் தினமும் குலுங்கி ஓடும் வண்டியில் மூன்று மாதத்தில் ஒரு பல்புகூடப் போகாமல் இருக்காது.

எஃப்.சி. இருக்கிறது என்பதில் ரொம்பவும் சாய்ந்துகொள்ளாதீர்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்த்த அன்று வண்டி எப்படி இருந்தது என்பதுதான் அந்தத் தாளில் இருக்கிறது. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கத்தில் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பள்ளி பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ரோட்டில் விழுந்து, அதே பஸ்ஸின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். அந்த பஸ்ஸுக்கும் எஃப்.சி. இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. பள்ளி பஸ்களுக்கென்று தமிழ்நாட்டில் தனியாகச் சிறப்பு விதிகள் வந்தது அதே வருடம்தான்.

சரி, எப்போது பார்ப்பது? கிளம்பும் முன்பும் பார்க்க வேண்டும், டிரிப் முடிந்தும் பார்க்க வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே சோதனை அல்ல. பாதி வண்டிகள் வெளியூரில் நிற்கின்றன என்கிறீர்கள். அங்கே காலை ஆறு மணிக்கு, அரை இருட்டில், டிரைவர் தனியாளாக நிற்கிறார். முதல் ஸ்டாப்பில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு கோளாறு கண்ணில் பட்டாலும் மெக்கானிக் கிடையாது, மாற்று வண்டி கிடையாது, "பள்ளிக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று கிளம்பத்தான் தோன்றும். அதனால் உங்கள் முழுச் சோதனையைக் காலை டிரிப் முடிந்து வண்டிகள் பள்ளிக்கு வந்து நிற்கும் ஒன்பதே கால் மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வெளிச்சம், உள்ளே பிள்ளைகள் இல்லை, சக்கரங்கள் இன்னும் சூடாக இருக்கின்றன, மாலை டிரிப்புக்குள் சரிசெய்ய ஐந்தாறு மணி நேரம் கையில் இருக்கிறது. பெரும்பாலான பள்ளிகளில் டிரைவர்கள் மரத்தடியில் பேப்பர் படிப்பது இந்த நேரத்தில்தான்.

காலை ஆறு மணிச் சோதனையைச் சின்னதாக வையுங்கள், ஆனால் அதைத் தவறவே விடக் கூடாது. வண்டியை எடுக்கும் முன் கீழே குனிந்து தரையைப் பார்ப்பது முதல் வேலை. இரவு முழுவதும் நின்ற இடத்தில் ஆயில், கூலண்ட், டீசல் எது சொட்டியிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். இன்ஜின் ஆயிலும் கூலண்டும் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டியவை. பிறகு கையில் ஓர் இரும்புக் கம்பியோடு ஒரு சுற்று. பின்பக்கம் இரட்டைச் சக்கரத்தில் உள் டயர் காற்று இறங்கியிருந்தால் வெளியே தெரியாது, வெளி டயர் மொத்தப் பாரத்தையும் தாங்கிக்கொண்டு நிற்கும். கம்பியால் தட்டினால் நல்ல டயர் துள்ளிச் சத்தம் கொடுக்கும், காற்றில்லாதது தொப்பென்று அமுங்கும். இரண்டு டயருக்கும் நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். வீல் நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால் நட் லூசாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

டயர் பட்டன், அதாவது பள்ளத்தின் ஆழம், குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது சட்டம். டயரின் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும், பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஐப்பசி மழையில் அந்த அளவு போதாது என்பது என் கருத்து. 3 மில்லிமீட்டர் வந்ததுமே மாற்றக் கேளுங்கள். முன் சக்கரத்துக்கு ரீட்ரேட் டயர் (தேய்ந்த டயரில் புதுப் பட்டன் ஒட்டியது) வேண்டவே வேண்டாம். தாளாளர் செலவுக் கணக்கு காட்டினாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்தது பிரேக். ஏர் பிரேக் (காற்றழுத்தத்தில் இயங்கும் பிரேக்) வண்டியில் சோதிக்க நான்கு நிமிடம் போதும், ஆனால் வரிசை மாறக் கூடாது. இன்ஜினை ஓடவிட்டு, ஏர் கேஜ் முள் முழுதாக ஏறி நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இன்ஜினை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, பிரேக் பெடலை நன்றாக அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடிக்க வேண்டும். அழுத்தியதும் முள் ஒரு தடவை இறங்கும், அது சகஜம். அதற்கப்புறம் அசையாமல் நிற்க வேண்டும். அமெரிக்காவில் பஸ் டிரைவர் லைசென்ஸ் தேர்விலேயே இதைச் செய்துகாட்டச் சொல்கிறார்கள், ஒரு நிமிடத்தில் 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கினால் ஃபெயில். நம் கேஜில் அது சுமார் 0.2 பார்தான். அதாவது, முள் இறங்குவது கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது என்றாலே எங்கோ காற்று கசிகிறது. இன்ஜின் சத்தம் இல்லாததால் "உஸ்" என்று கேட்கவும் செய்யும். அப்புறம் இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆனில் வைத்து, பெடலை விட்டு விட்டு அழுத்திக் காற்றைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் பஸ்ஸர் அலற வேண்டும், சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அலறவில்லை என்றால், தொல்லையாக இருக்கிறது என்று யாரோ அதன் வயரைப் பிடுங்கிவிட்டிருக்கலாம். பார்த்து மாட்டச் சொல்லுங்கள். கேஜ் மறுபடி ஏறிய பிறகுதான் வண்டி நகர வேண்டும், நகர்ந்ததும் ஐந்தடிக்குள் ஒரு முறை பிரேக் பிடித்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் வேன்களில் ஹைட்ராலிக் பிரேக் (ஆயிலின் அழுத்தத்தில் இயங்குவது) இருக்கலாம். அப்படியானால் பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போது அது மெதுவாகத் தரையை நோக்கி இறங்கக் கூடாது. பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டுப் போவது வேலை அல்ல, அது எங்கே போனது என்று பார்க்க வேண்டும்.

லைட், இண்டிகேட்டர், பிரேக் லைட், ஹாரன், வைப்பர் எல்லாம் இரண்டு நிமிட வேலை, விளக்கத் தேவையில்லை. பிரேக் லைட்டைப் பின்னால் நின்று பார்க்க ஆள் இல்லாவிட்டால், வெள்ளைச் சுவர் பக்கம் வண்டியின் பின்புறத்தைத் திருப்பி நிறுத்தினால் கண்ணாடியிலேயே தெரியும்.

இப்போது ஒன்பதே கால் மணிக்கு வருவோம். வண்டி வந்து நின்றதும், பிள்ளைகள் இறங்கிய கையோடு நடக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. உதவியாளர் அம்மா கடைசி சீட் வரை நடந்துபோய், குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்துக்கொண்டே திரும்பி வர வேண்டும். வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் போதாது. எல்.கே.ஜி. பிள்ளை தூங்கிவிட்டால் சீட்டின் சாய்வுக்குப் பின்னால் சுத்தமாகத் தெரியாது. 2022 செப்டம்பரில் கத்தார் நாட்டில், கேரளக் குடும்பத்தைச் சேர்ந்த நான்கு வயதுக் குழந்தை பள்ளி பஸ்ஸில் தூங்கிப்போனதைக் கவனிக்காமல் கதவைப் பூட்டிவிட்டார்கள். உள்ளேயே வெயிலில் வெந்து இறந்துபோனது. கத்தார் வெயில் வேறு என்று நினைக்க வேண்டாம், சித்திரை மாதத் திருவண்ணாமலையும் ஒன்றும் சளைத்ததல்ல. கலிஃபோர்னியாவில் பள்ளி பஸ்ஸின் பின்பகுதியில் ஒரு பட்டன் வைக்கச் சட்டமே போட்டிருக்கிறார்கள், டிரைவர் அங்கே நடந்துபோய் அழுத்தாவிட்டால் அலாரம் அடிக்கும். உங்களுக்கு அந்தக் கருவி தேவையில்லை. கடைசி சீட் கம்பியில் வண்டி எண் எழுதிய ஓர் அட்டையைத் தொங்கவிடுங்கள். டிரிப் முடிந்ததும் அதை எடுத்துவந்து உங்கள் மேசையில் வைக்க வேண்டும், கிளம்பும் முன் திரும்ப மாட்ட வேண்டும். மாலையில் ஊரிலேயே நிற்கும் வண்டிக்கு, காலியான சீட்டுகளைப் பின்னாலிருந்து ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். மாலையில்தான் இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் அதற்கப்புறம் மறுநாள் காலை வரை அந்த வண்டியை யாரும் திறக்கப்போவதில்லை.

அடுத்ததாக, டிரைவர் சக்கரங்களின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். தொட வேண்டாம், சுட்டுவிடும். நான்கு பக்கமும் ஏறக்குறைய ஒரே சூடாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. பிரேக் லைனர் கருகும் வாசனையும் வரும். ஆறு மணிக்குக் குளிர்ந்து நிற்கும் வண்டியில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஏர் டேங்க்கின் அடியில் உள்ள வளையத்தை இழுத்துத் தண்ணீரை வெளியேற்றுவதும் இப்போதுதான். தண்ணீரோடு நிறைய ஆயிலும் சேர்ந்து வந்தால் கம்ப்ரஸரைப் பார்க்கச் சொல்லி எழுதிவையுங்கள்.

மற்றவற்றை ஒரு நாளைக்கு ஒன்று என்று வாரம் முழுவதும் பிரித்துக்கொள்ளுங்கள். தினமும் ஐம்பது அயிட்டம் பார் என்றால் ஒன்றையும் பார்க்க மாட்டார்கள். ஒரு நாள் தரை: ரப்பர் மேட்டை உருட்டி எடுத்து, பலகையையும் இன்ஜின் பக்கம் போகும் மூடிகளையும் குதிகாலால் மிதித்துப் பார்க்க வேண்டும். சக்கரத்துக்கு மேலே உள்ள பகுதியும் படிக்கட்டும்தான் சீக்கிரம் உளுத்துப்போகும். ஒரு நாள் அவசர வழி: உள்ளிருந்து ஒரு தடவை, வெளியிலிருந்து ஒரு தடவை, நிஜமாகவே திறக்க வேண்டும். அதன் முன்னால் ஸ்டெப்னியோ, கூடுதலாகப் போட்ட சீட்டோ, பைகளோ இருந்தால் அது வழியே அல்ல. ஒரு நாள் தீயணைப்பான்: முள் பச்சையில் இருக்கிறதா, பின்னும் சீலும் அப்படியே இருக்கிறதா, தேதி முடிந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, எடுத்து ஒரு தடவை தலைகீழாகத் திருப்பி வையுங்கள், உள்ளே பவுடர் இறுகாமல் இருக்கும். முதலுதவிப் பெட்டியையும் திறந்து பாருங்கள், பாதிப் பெட்டிகளில் காலாவதியான டிஞ்சர்தான் இருக்கும். ஜன்னல் கம்பி, கதவுத் தாழ்ப்பாள், சீட் போல்ட் எல்லாம் இன்னொரு நாள்.

கேமரா லென்ஸைத் துடைப்பது மட்டும் தினசரி வேலை. 2022 மார்ச்சில் சென்னை வளசரவாக்கம் பக்கம் ஒரு பள்ளி வளாகத்துக்குள்ளேயே, வேனில் விட்டுவந்த பொருளை எடுக்கத் திரும்பிய சிறுவன்மீது அந்த வேன் பின்னோக்கி ஏறியது. அதற்குப் பிறகுதான் முன்னும் பின்னும் கேமராவும், பின்னால் சென்சாரும் கட்டாயம் ஆனது. சேறு படிந்த லென்ஸில் சாம்பல் நிறம்தான் தெரியும். அது ஒரு பக்கம் இருக்கட்டும், வளாகத்துக்குள் ரிவர்ஸ் எடுப்பதையே குறைக்க முடியுமா என்று பாருங்கள். ஒரு கேட்டில் நுழைந்து மறு கேட்டில் வெளியேற இடம் இருந்தால் சென்சாரைவிட அது மேல். ரிவர்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்றால், உதவியாளர் பின்னால் நின்று கை காட்டும் வரை வண்டி அசையக் கூடாது.

உங்களுக்கு ஓட்டத் தெரியாது என்று கவலைப்பட வேண்டாம். நீங்கள் "பார்த்தீர்களா?" என்று கேட்காமல் "காட்டுங்கள்" என்று கேளுங்கள். தினமும் ஏதாவது ஒரு வண்டி, ஏதாவது ஒரு விஷயம். "அண்ணே, அவசரக் கதவைத் திறந்து காட்டுங்க." இரண்டு வாரத்தில் உங்களுக்கே கண் பழகிவிடும். நோட்டிலும் டிக் கட்டத்தை எடுத்துவிட்டு எண் எழுதும் கட்டம் போடுங்கள்: ஏர் கேஜ் எவ்வளவு, ஒரு நிமிடத்தில் எவ்வளவு இறங்கியது, கிலோமீட்டர் எவ்வளவு. எண்ணை எழுதக் கேஜைப் பார்த்தே ஆக வேண்டும். ஒன்பது வண்டியிலும் ஒரு மாதம் ஒரே எண் எழுதியிருந்தால் அதுவும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இதில் கஷ்டமான பகுதி தாளாளர் அறையில் இருக்கிறது. கோளாறு சொல்லும் டிரைவரை "உனக்கு எப்பவும் ஏதாவது ஒண்ணு" என்று ஒரு தடவை கடிந்துகொண்டால் போதும், மறுநாளிலிருந்து நோட்டு முழுவதும் டிக்தான். எந்தெந்தக் கோளாறு இருந்தால் வண்டி கிளம்பவே கூடாது என்று ஒரு பட்டியலை எழுதித் தாளாளரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: காற்றுக் கசிவு, பெடல் இறங்குவது, உள்ளே இருக்கும் கேன்வாஸ் துணி தெரியும் டயர், ஸ்டீயரிங்கில் புதிதாக வந்த ஆட்டம், பூட்டாத கதவு, திறக்காத அவசர வழி, மழை நாளில் ஓடாத வைப்பர். கிழிந்த சீட்டும் உரிந்த பெயின்ட்டும் சனிக்கிழமை வரை காத்திருக்கலாம். வண்டி நிற்கும் அன்று பிள்ளைகளை எப்படி ஏற்றுவது என்பதற்கும் இப்போதே பதில் வேண்டும், ஒன்பது பஸ்ஸுக்கு ஒரு மாற்று வண்டியாவது இருக்க வேண்டும். அது இல்லாத பள்ளியில் எந்த டிரைவரும் காலை ஆறு மணிக்கு "இந்த வண்டி வேண்டாம்" என்று சொல்ல மாட்டார்.

அந்த இரண்டு வேன்களும் பள்ளியின் சொந்த வண்டியா, ஒப்பந்த வண்டியா என்று நீங்கள் எழுதவில்லை. ஒப்பந்தம் என்றால், ஒன்பதே கால் சோதனைக்கு அவையும் வரிசையில் நிற்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகளை இறக்கிய அடுத்த நிமிடம் வேறு சவாரிக்குக் கிளம்பிவிடும், மாலை நாலு மணிக்குத்தான் மறுபடி உங்கள் கேட்டில் வந்து நிற்கும்.