காலநிலை வழக்குகள்: அரசின் கடமை எதுவரை?

காலநிலையைக் காப்பது அரசுகளின் சட்டக் கடமை என்று ஐ.நா.வின் சர்வதேச நீதிமன்றம் 2025-இல் சொன்னது வெறும் கருத்துதானே? எந்த அரசையும் கட்டுப்படுத்தாத ஒன்றுக்கு ஏன் இத்தனை ஆரவாரம்?

கருத்துதான். ஜூலை 23 அன்று ஹேக் நகரில் வாசிக்கப்பட்டது ஆலோசனைக் கருத்து. அதைக் காட்டி எந்த அரசுக்கும் அபராதம் விதிக்க முடியாது. ஆனால் கருத்து கட்டுப்படுத்தாது என்பதால் அதில் சொல்லப்பட்ட சட்டமும் கட்டுப்படுத்தாது என்று வாதிடுகிறார்களே, அங்கேதான் தவறு. நீதிபதிகள் புதுக் கடமை எதையும் உண்டாக்கவில்லை. அரசுகள் ஏற்கெனவே கையெழுத்திட்ட ஒப்பந்தங்களிலும், நாடுகளின் நீண்டகால நடைமுறையால் உருவாகி எல்லா நாடுகளுக்கும் பொருந்தும் வழக்காற்றுச் சட்டத்திலும் என்ன இருக்கிறது என்று ஒருமனதாக எடுத்துச் சொன்னார்கள். தூய்மையான சுற்றுச்சூழல் இல்லாமல் மற்ற மனித உரிமைகளை அனுபவிக்க முடியாது என்பதும் அதில் ஒன்று. பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் 2019-இல் தொடங்கிய முயற்சி இது. அங்குள்ள வனுவாட்டு நாட்டின் அரசு அதைக் கையில் எடுத்து, 2023 மார்ச்சில் நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கும் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமாக்கியது.

புவி வெப்பமாவதைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து ஒரு நாடு விலகிவிட்டால்?

ஒப்பந்தத்தின் கடமைகள் போகும், வழக்காற்றுச் சட்டத்தின் கடமை போகாது. பிற நாடுகளின் சுற்றுச்சூழலுக்குப் பெருங்கேடு வராமல் தடுக்க உரிய கவனத்துடன் நடக்க வேண்டும் என்பது அந்தக் கடமை. கையெழுத்துப் போடாத நாட்டுக்கும் அது உண்டு.

புவியைச் சூடாக்கும் வாயுக்களின் உமிழ்வை எவ்வளவு குறைப்பது என்பது கொள்கை முடிவு. தேர்தலில் நிற்காத நீதிபதிகள் இதில் தலையிடுவது சரியா?

நியாயமான கேள்வி. இத்தகைய வழக்குகள் பலவற்றில் அரசுத் தரப்பு வைக்கும் வாதம் இது. நெதர்லாந்தில் உர்கெண்டா என்ற சுற்றுச்சூழல் அமைப்பு அரசின் மீது தொடுத்த வழக்கைப் பாருங்கள். 1990 அளவிலிருந்து 2020-க்குள் 30 சதவீதம் குறைப்பதாக முன்பு சொன்ன அரசு, பிறகு அந்த இலக்கைத் தளர்த்தியது. வளர்ந்த நாடுகள் 25 முதல் 40 சதவீதம் குறைக்க வேண்டும் என்ற அறிவியல் கணக்கை அதே அரசு ஏற்றும் இருந்தது. தளர்த்தியதற்கு என்ன காரணம் என்று நீதிமன்றம் கேட்டது. ஏற்கும்படியான பதில் வரவில்லை. குறைந்தது 25 சதவீதம் என்ற 2015-ஆம் ஆண்டு உத்தரவை உச்ச நீதிமன்றம் 2019 டிசம்பர் 20 அன்று உறுதிசெய்தது. எந்த ஆலையை மூடுவது, எந்த வரியைக் கூட்டுவது என்று நீதிபதிகள் சொல்லவில்லை. அளவை மட்டும் வைத்துவிட்டு வழியை அரசிடமே விட்டார்கள். ஆம்ஸ்டர்டாமின் ஹெம்வெக் நிலக்கரி மின்நிலையத்தை அரசு முன்கூட்டியே மூடியது. 2020-இல் நூலிழையில் இலக்கைத் தொட்டார்கள், கொரோனா முடக்கத்தின் புண்ணியமும் அதில் உண்டு.

பெரும்பான்மை மக்களே வேண்டாம் என்றால்? சுவிட்சர்லாந்தில் கடுமையான கார்பன் சட்டம் 2021 வாக்கெடுப்பில் தோற்றது. அதனால் கடமை தீர்ந்துவிடாது என்றது, அந்நாட்டு மூத்த பெண்கள் தொடுத்த வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். மொத்தம் எவ்வளவு கார்பன் வெளியிடலாம் என்ற வரம்பைக்கூட அந்த அரசு கணக்கிட்டு வைக்கவில்லை என்பது 2024 ஏப்ரல் 9 தீர்ப்பில் முக்கியமான குறை. இரண்டே மாதத்தில் அந்நாட்டு நாடாளுமன்றம், மேற்கொண்டு எதுவும் செய்யத் தேவையில்லை என்று அறிக்கை நிறைவேற்றியது. தீர்ப்பு கையில் வந்தபின்னும் போராட்டம் ஓய்வதில்லை.

தனி ஆளாக வழக்குப் போடலாமா?

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் என்றால் மிகக் கடினம். அதே சுவிஸ் வழக்கில் தனித்தனியாக வந்த நான்கு பெண்மணிகளின் மனு ஏற்கப்படவில்லை. 2,000-க்கும் மேற்பட்ட மூத்த பெண்கள் சேர்ந்த சங்கத்தின் மனுதான் வென்றது. வெள்ள அபாயத்தைக் காட்டி வழக்குப் போட்ட பிரெஞ்சு முன்னாள் மேயர் ஒருவர் அதற்குள் பிரஸ்ஸல்ஸுக்குக் குடிபெயர்ந்திருந்தார். பாதிக்கப்பட்டவர் என்ற தகுதி அவருக்கு இல்லை என்றாகிவிட்டது. உள்நாட்டு நீதிமன்றத்துக்குப் போகாமல் 33 நாடுகள் மீது நேரடியாக வந்த போர்ச்சுக்கல் இளைஞர்களின் மனுவும் அதே நாளில் தள்ளுபடியானது. எனவே அமைப்பாகச் சேருங்கள், முதலில் சொந்த நாட்டு நீதிமன்றத்தில் ஏறுங்கள். தென் கொரியாவில் அப்படிப் போனவர்கள் 2024 ஆகஸ்டில் வென்றார்கள். 2031 முதல் 2049 வரை இலக்கே வைக்காத சட்டம் அரசியலமைப்புக்கு முரண் என்றது அங்குள்ள அரசியலமைப்பு நீதிமன்றம்.

நாடே கடலில் மூழ்கினால் அந்த மக்களின் கதி?

நிலம் போனாலும் நாடு என்ற தகுதி தானாகவே போய்விடாது என்று ஹேக் கருத்து கோடிட்டுக் காட்டுகிறது. பசிபிக் தீவு நாடான கிரிபாட்டிக்குத் தன்னை நியூசிலாந்து திருப்பி அனுப்பியதை எதிர்த்து ஒருவர் செய்த முறையீட்டை ஐ.நா. மனித உரிமைக் குழு ஏற்கவில்லை என்றாலும், காலநிலை மாற்றத்தால் உயிருக்கே ஆபத்து என்ற நிலை உள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கையை வகுத்தது.

நஷ்டஈடு?

கேட்கலாம் என்கிறது கருத்து. நிலக்கரி, எண்ணெய் போன்ற புதைபடிவ எரிபொருள் எடுக்க உரிமம் தருவதும் மானியம் கொடுப்பதும்கூடச் சட்டமீறலாகலாம் என்று அது சொல்லியிருக்கிறது. ஆனால் இழப்பீடு வாங்க, இந்த அரசின் இந்தச் செயலுக்கும் இந்தச் சேதத்துக்கும் போதிய அளவு நேரடியான, உறுதியான தொடர்பு இருப்பதைக் காட்ட வேண்டும். எல்லா நாடுகளின் புகையும் ஒரே வானில் கலந்த பிறகு அதை நிரூபிப்பதுதான் சிக்கல். குறிப்பிட்ட வெப்ப அலைக்கு மனிதச் செயல் எவ்வளவு காரணம் என்று பிரித்துக் கணக்கிடும் ஆய்வுகள் அந்த இடைவெளியைக் குறைத்து வருகின்றன. இழப்பீட்டுக்கான முதல் பெரிய மோதல் அந்தக் கணக்குகளின் மீதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன்.