மொட்டை மாடி ஆட்டுக்கல்லும் மூணு கேள்வியும்

கேள்வி: அக்கா, மதுரையில பன்னெண்டு வீடு உள்ள ஒரு அபார்ட்மெண்ட்ல மூணாவது மாடியில இருக்கோம். போன மாசம் கீழ் வீட்டுப் பையனுக்கு, எட்டு வயசு, டெங்கு வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில இருந்தான். இப்ப நல்லாயிட்டான். அவன் அட்மிட் ஆன மறுநாள் கார்ப்பரேஷன்ல இருந்து கொசுப்புழு பாக்குற அம்மா வந்தாங்க, நான்தான் மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன். டேங்குக்குப் பின்னாடி எங்க மாமியாரோட பழைய ஆட்டுக்கல் கிடக்கு, ஊர்ல வீட்டை இடிச்சப்போ தூக்கிப் போட மனசு வராம கொண்டு வந்தது. அந்தக் குழியில மழைத்தண்ணி நின்னு புழுவா நெளிஞ்சுது. அன்னைக்கே மக்கால மொண்டு ஊத்திட்டேன். இது எனக்கும் அந்தம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். வீட்டுக்காரர் "சும்மா இரு, ஸ்கூல்ல கடிச்ச கொசுவா இருக்கும், நீயா போய் எதுக்கு மாட்டிக்கிற"ங்கிறார். எனக்குத் தூக்கம் வரல. இது என் தப்பா? பையனோட அம்மாகிட்ட சொல்லணுமா? எல்லாத்துக்கும் நாமளே பொறுப்புன்னா அப்புறம் கார்ப்பரேஷன் எதுக்கு?
- மதுரை வாசகி

அன்புத் தங்கச்சிக்கு,

உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன், ரெண்டாவது தடவை படிக்கும்போதுதான் ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு, அதை முதல்ல சொல்லிடுறேன், மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம். மக்கால மொண்டு ஊத்திட்டேன்னு எழுதியிருக்கீங்க இல்லையா, அது பத்தாது. டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணிக்குள்ள போடாது, தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, ஈரமா இருக்கிற சுவர்ல ஒட்டி வைக்கும். தண்ணி காஞ்சாலும் அந்த முட்டை சாகாது, மாசக்கணக்கா அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கும், அடுத்த மழைக்குத் தண்ணி ஏறினதும் பொரிஞ்சு வந்துடும். அதனால இதைப் படிச்ச உடனே ஒரு நல்ல முரட்டு பிரஷ்ஷும் கொஞ்சம் சோப்புப் பொடியும் எடுத்துக்கிட்டு மேல போங்க, குழி சுவரைச் சுத்தி அழுத்தித் தேய்ங்க, கல்லு சொரசொரப்பா இருக்கும், கொத்து போட்ட பள்ளத்துல எல்லாம் ஒட்டியிருக்கும், ஒரு தடவைக்கு ரெண்டு தடவை தேய்ங்க. தூக்கமில்லாம கட்டில்ல புரண்டுக்கிட்டு இருந்த இந்த ஒரு மாசமும் முட்டை அங்கதான் இருந்திருக்கும்னு நினைக்கிறேன். கஷ்டமா இருக்கும் கேக்குறதுக்கு, ஆனா இதைச் சொல்லாம மத்ததை எழுத எனக்கு மனசு வரல.

சரி, இப்ப முதல் கேள்வி. உங்க தப்பா?

பையனுக்கு டெங்கு வந்தது உங்க ஆட்டுக்கல்லாலதானான்னு யாராலயும் சொல்ல முடியாது. கொசு பொறக்கும்போதே டெங்குவோட பொறக்கிறதில்ல, பொதுவா ஏற்கனவே டெங்கு காய்ச்சல் இருக்கிற ஒருத்தரை அது கடிக்கணும், அந்த வைரஸ் அதோட உடம்புக்குள்ள வளர எட்டுல இருந்து பன்னெண்டு நாள் ஆகும், அதுக்கப்புறம் அது கடிச்சாதான் அடுத்தவங்களுக்கு வரும், கடிச்சும் நாலு நாள்ல இருந்து பத்து நாள் கழிச்சுதான் காய்ச்சல் ஆரம்பிக்கும். அப்ப அந்தப் பையனைக் கடிச்ச கொசு எங்க பொறந்தது, யாரைக் கடிச்சிட்டு வந்துச்சு, இதெல்லாம் கண்டுபிடிக்கிற காரியமே இல்ல. ஏடிஸ் பகல்ல கடிக்கிற கொசு, பையன் பகல்ல பாதி நேரம் ஸ்கூல்ல இருக்கான், உங்க வீட்டுக்காரர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா அவர் சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு. இந்தக் கொசு ரொம்ப தூரம் பறக்காது, பொறந்த இடத்தைச் சுத்தி நூறு இருநூறு மீட்டருக்குள்ளயே பெரும்பாலும் வாழ்ந்து முடிச்சிடும். மொட்டை மாடிக்கும் கீழ் வீட்டுக்கும் எவ்வளவு தூரம், ஒரு அம்பது படி இருக்குமா? நீங்கதான் காரணம்னு சொல்ல முடியாத மாதிரியே, நீங்க இல்லைன்னும் சொல்ல முடியாது.

இதுல ஒண்ணே ஒண்ணுதான் உறுதியா தெரியும். கல்லு உங்களோடது, அதுல தண்ணி நின்னுச்சு, புழு இருந்துச்சு. அந்த அளவுக்குத்தான் உங்க பொறுப்பு. அதைவிடப் பெருசா ஆக்கி, ஒரு குழந்தையைச் சாகக் கொடுக்கப் பாத்தேனேன்னு ராத்திரி பூரா உங்களையே அடிச்சுக்க வேண்டாம். அதைவிடச் சின்னதாவும் ஆக்க வேண்டாம். பொறுப்புன்னு சொன்னாலே நமக்கு யாரோ திட்டப் போறாங்க, தண்டனை வரப் போகுதுன்னு ஒரு பயம் வந்துடுது, சின்ன வயசுல இருந்தே "இதுக்கு யார் பொறுப்பு"ங்கிற வார்த்தையை டம்ளர் உடைஞ்சா மட்டும்தானே கேட்டு வளர்ந்திருக்கோம். "இது என் வேலை, நான் பாத்துக்கிறேன்"னு சொல்றதும் அதே பொறுப்புதான், அது நமக்கு யாரும் சொல்லித்தரல.

நான் ஒண்ணு சொல்றேன். இருபது வருஷத்துக்கு முன்னாடி நாங்க ஒரு லைன் வீட்டுல மாடியில குடியிருந்தோம். மாடிப்படியில ஒரே ஒரு பல்பு, அது ஃபியூஸ் போச்சு. பாத்தது நான்தான். வீட்டு ஓனர் மாத்துவார்னு விட்டேன், எதிர் வீட்டுக்காரங்க மாத்துவாங்கன்னு விட்டேன், என் வீட்டு அலமாரியிலயே ஒரு புது பல்பு இருந்துச்சு, அதை எடுத்து மாட்ட அஞ்சு நிமிஷம் ஆகியிருக்காது. பதினோராவது நாள் ராத்திரி பக்கத்து வீட்டுப் பாட்டி பால் பாத்திரத்தோட படியில விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சுது. நான் ஓடிப்போய் பாத்தப்போ இருட்டுல படி பூரா பால் வழிஞ்சு கிடந்துச்சு, பாட்டி "லைட்டைப் போடும்மா, லைட்டைப் போடும்மா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. போட லைட் இல்ல. மறுநாள் காலையில என் அலமாரியில இருந்த பல்பை எடுத்துப் போய் மாட்டினேன். அந்த வெளிச்சத்தைப் பாக்கவே எனக்கு முடியல.

ஒரு வாரம் கழிச்சு ஆஸ்பத்திரிக்குப் போய் பாட்டிகிட்டயும் அவங்க பையன்கிட்டயும் சொன்னேன், பல்பு போனது எனக்குத் தெரியும், என்கிட்ட பல்பு இருந்துச்சு, நான் மாட்டலன்னு. பாட்டி என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. பையன் எழுந்து வெளிய போயிட்டார். அப்புறம் நாங்க அந்த வீட்டைக் காலி பண்ற வரைக்கும், எட்டு மாசம், அவர் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. சொன்னதும் எல்லாம் சரியாயிடும்னு உங்களுக்குப் பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்ல, அதுக்குத்தான் இதை எழுதுறேன். ஆனா அந்த எட்டு மாசத்துல அவரைப் படியில பாக்கும்போது நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஒதுங்கிப் போகல. சொல்லாம இருந்திருந்தா போயிருப்பேன்.

அதனால ரெண்டாவது கேள்விக்கு என் பதில், ஆமா, சொல்லுங்க. எப்படிச் சொல்றதுங்கிறதுல கொஞ்சம் யோசிக்கணும். ஸ்வீட் பாக்ஸ் வாங்கிட்டுப் போகாதீங்க, அது ஏதோ லஞ்சம் மாதிரி ஆயிடும். பையன் பக்கத்துல இல்லாத நேரமா, அந்தம்மா அடுப்படி வேலையில இல்லாத நேரமா பாத்துப் போங்க. "ஒருவேளை என்னால இருந்தா மன்னிச்சிடுங்க"ன்னு ஆரம்பிக்காதீங்க, அந்த ஒருவேளை வந்தாலே பாதி சொன்ன மாதிரிதான். நேரா சொல்லுங்க: "மாடியில எங்க ஆட்டுக்கல்லுல தண்ணி நின்னு புழு இருந்துச்சு. பையன் அட்மிட் ஆன மறுநாள்தான் நான் பாத்தேன். அப்பவே உங்ககிட்ட சொல்லியிருக்கணும், பயந்துட்டேன். இப்ப தேய்ச்சுக் கழுவிட்டேன், இனிமே வாராவாரம் நானே பாக்குறேன்." இவ்வளவுதான். அப்புறம் அவங்க என்ன சொன்னாலும் கேளுங்க. கோபப்பட்டா படட்டும், ஆறு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து பிளேட்லெட் எவ்வளவுன்னு காலையும் சாயங்காலமும் கேட்டுக்கிட்டு இருந்த பொம்பளை, அவங்களுக்கு அந்தக் கோபத்துக்கு உரிமை இருக்கு. கொசு எவ்வளவு தூரம் பறக்கும், எத்தனை நாள்ல வைரஸ் வளரும்னு நான் மேல எழுதினதை எல்லாம் அங்க போய் எடுத்து விடாதீங்க, அது உங்க மனசுக்காக எழுதினது.

வீட்டுக்காரர் மேல கோபப்படாதீங்க. அவர் உங்களைக் காப்பாத்தணும்னு நினைச்சுதான் அப்படிச் சொல்றார். அவர்கிட்ட "நீங்க சொல்றது சரி, யாருக்கும் தெரியாது, ஆனா எனக்குத் தெரியுமே"ன்னு மட்டும் சொல்லிப் பாருங்க.

மூணாவது கேள்வி எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, ஏன்னா அது நியாயமான கேள்வி. கார்ப்பரேஷன் எதுக்கு? தெருவுல குப்பை அள்ள, சாக்கடை அடைப்பு எடுக்க, காய்ச்சல் வந்த ஏரியாவுல உடனே ஆள் அனுப்ப, மருந்தடிக்க. அதெல்லாம் நடக்கலன்னா கம்ப்ளெயிண்ட் பண்ணுங்க, திரும்பத் திரும்பப் பண்ணுங்க, அதுவும் நம்ம பொறுப்புல சேர்த்திதான். ஆனா இந்த விஷயத்துல ஒரு பெரிய தப்பான நினைப்பு நம்மகிட்ட இருக்கு. டெங்குன்னா எல்லாரும் கையை நீட்டுறது தெருச் சாக்கடையைத்தான். சாக்கடையில பெருகுறது பெரும்பாலும் வேற கொசு, கியூலெக்ஸ், ராத்திரி வந்து கடிக்கிறது. ஏடிஸ் தேடி வர்றது நம்ம வீட்டுல இருக்கிற சுத்தமான தண்ணியை. பூந்தொட்டிக்கு அடியில வைக்கிற தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கிற ட்ரே, மூடி உடைஞ்ச சிண்டெக்ஸ், ஏர் கூலர், பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, உங்க ஆட்டுக்கல். இங்க எல்லாம் கார்ப்பரேஷன் எப்படி வரும்? புகை மருந்து அடிச்சா பறக்கிற கொசு சாகும், குழிக்குள்ள இருக்கிற புழுவை அது ஒண்ணும் பண்ணாது. ஆளை அனுப்பினாலோ நாம கதவைத் திறக்கிறதில்ல. அந்தப் புழு பாக்குற அம்மாங்க வெயில்ல நாலு மாடி ஏறி வந்து பெல் அடிக்கும்போது எத்தனை வீட்டுல ஜன்னல் வழியாவே "ஒண்ணும் இல்ல, போங்க"ன்னு அனுப்புறோம், எனக்கு இது ரொம்ப வருத்தமான விஷயம். நீங்க கூட்டிட்டுப் போய் காமிச்சீங்க இல்ல, அதையும் உங்க கணக்குல எழுதிக்கோங்க. இது ஒண்ணும் புது ஏற்பாடும் இல்ல, 1939ல வந்த மதராஸ் பொது சுகாதாரச் சட்டத்துலயே கொசு உற்பத்தியாகிற மாதிரி தண்ணியைத் தேங்க விடக்கூடாதுன்னு இருக்கு, அது அவங்கவங்க இடத்துக்கும் சேர்த்துதான்.

அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்புல நீளமா மெசேஜ் போட்டு எல்லாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம், யாரும் படிக்க மாட்டாங்க, படிச்சாலும் எரிச்சல்தான் வரும். ஞாயித்துக்கிழமை காலையில ஒரு வாளியும் பிரஷ்ஷும் எடுத்துக்கிட்டு மேல போங்க, இருபது நிமிஷம் போதும். வாரத்துக்கு ஒரு நாள்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு, முட்டை புழுவாகி கூட்டுப்புழுவாகி கொசுவா பறக்க ஏழுல இருந்து பத்து நாள் ஆகும், ஏழு நாளைக்கு ஒரு தடவை தண்ணியைக் கொட்டித் தேய்ச்சுட்டா அதுக்கு வளர நேரமே கிடைக்காது. ரெண்டு வாரம் நீங்க தனியா போவீங்க. மூணாவது வாரம் யாராவது "என்னம்மா பண்றீங்க"ன்னு கேப்பாங்க. கேக்காமலும் போகலாம், அப்பவும் போங்க.

இன்னொண்ணு, உங்க வீட்டுலயும் குழந்தைங்க இருக்கலாம், அதனால சொல்றேன். யாருக்காவது காய்ச்சல் வந்தா நீங்களா மெடிக்கல் ஷாப்புல மாத்திரை வாங்கிப் போட்டுட்டு இருக்காதீங்க, ஆஸ்பிரின், புரூஃபென் மாதிரி மாத்திரை டெங்குல ரத்தக் கசிவை அதிகமாக்கும், டாக்டர்கிட்ட போங்க. காய்ச்சல் விட்டுடுச்சுன்னு நிம்மதியா உக்காருற அந்த ஒண்ணு ரெண்டு நாள்தான் கவனமா இருக்க வேண்டிய நாள். வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், ரொம்ப சோர்ந்து போய் படுத்தே கிடக்கிறது, இதுல எது இருந்தாலும் ராத்திரி பகல் பாக்காம ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடணும். ஒரு தடவை வந்தவங்களுக்கு வேற வகை டெங்கு திரும்ப வரலாம், ரெண்டாவது தடவை இன்னும் கடுமையா இருக்கவும் வாய்ப்பு இருக்கு, அதனால கீழ் வீட்டுப் பையனையும் மனசுல வச்சுக்கோங்க.

மாமியார் ஆட்டுக்கல்லைத் தூக்கிப் போட வேண்டாம். எத்தனை வருஷம் இட்லிக்கு மாவாட்டின கல்லு அது, கொத்துக்காரரைக் கூப்பிட்டு வருஷா வருஷம் கொத்தி வச்சிருப்பாங்க. குழியை நல்லா தேய்ச்சுக் கழுவிக் காய வச்சுட்டு, விளிம்புக்கு மேல மேடா வர்ற மாதிரி மணலைக் கொட்டி நிரப்பிடுங்க, தண்ணி நிக்காது. குழவி இருந்தா அதை மேல நட்டு வைங்க. முடிஞ்சா மழை படாத மாதிரி படிக்கட்டு ஷெட்டுக்குக் கீழ நகர்த்திடுங்க, நல்ல கனம் இருக்கும், தனியா இழுத்து இடுப்பைப் பிடிச்சுக்காதீங்க, வீட்டுக்காரரை மேல கூப்பிடுங்க.

அன்புடன்,
அக்கா