டிசம்பரில் மாம் டோர் முகட்டில் ஒரு நாள் நடை: கேள்வி பதில்

இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்டில், ஈடேல் பள்ளத்தாக்குக்கும் காசில்டன் ஊருக்கும் நடுவே நீளும் மலைமுகட்டில் பல குளிர்காலங்களாக நடந்து வருபவன் என்பதால், அந்த நடையைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மான்செஸ்டரில் படிக்கும் மாணவி: எங்களிடம் கார் இல்லை. ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா?

முடியும். காரில் வருகிறவர் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியாக வேண்டும்; உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மான்செஸ்டர்–ஷெஃபீல்டு பாதையில் எல்லா நிலையங்களிலும் நிற்கும் இரயிலில் ஏறி ஈடேலில் இறங்குங்கள். அங்கிருந்து ஹாலின்ஸ் கிராஸ் என்னும் கணவாய்க்கு ஏறி, வலப்புறம் திரும்பி, 517 மீட்டர் உயரமுள்ள மாம் டோர் உச்சியைத் தொட்டபின், வந்த வழியே கணவாய்க்கு மீண்டு, பேக் டோர் என்னும் குன்றின் வழியாக 476 மீட்டர் உயரமுள்ள லூஸ் ஹில்லைக் கடந்து ஹோப் நிலையத்தில் முடித்தால், ஏறத்தாழ 11 கிலோமீட்டர் ஆகும். மேலைக்காற்றே மிகுதியாக வீசும் பகுதி என்பதால், மாம் டோரிலிருந்து கிழக்கே நடக்கும்போது காற்று பெரும்பாலும் உங்கள் முதுகில்தான் அடிக்கும்.

லெஸ்டரிலிருந்து ஒருவர்: காலை பதினொன்றுக்குத் தொடங்கினால் போதுமா?

போதாது. இந்த நடையில் உயரத்தைவிட வெளிச்சமே பெரிய சிக்கல். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் அங்கே சூரியன் காலை 8.20 அளவில் எழுந்து மாலை 3.50 அளவில் மறைந்துவிடும். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, அறுநூறு மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி என்று 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் வகுத்த கணக்கின்படி இது மூன்று மணி நேர நடைதான். ஆனால் அது நல்ல தரையில் நிற்காமல் நடப்பவருக்கான கணக்கு. சேறு, உறைபனி, தேநீர், புகைப்படம் எல்லாம் சேர்ந்தால் நாலரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதரைக்குள் ஈடேலை விட்டுப் புறப்பட வேண்டும். மாம் டோரிலிருந்து ஹாலின்ஸ் கிராசுக்கு மீளும்போது மணி ஒன்றைத் தாண்டியிருந்தால், லூஸ் ஹில்லை மறந்துவிட்டு அங்கிருந்தே ஈடேலுக்கு இறங்கிவிடுங்கள். ஈடேலில் தேவாலயம் இல்லாத காலத்தில் இறந்தவர்களைச் சுமந்து காசில்டனுக்குக் கொண்டுபோன வழி இந்தக் கணவாய்தான் என்பதை, அங்கே மூச்சு வாங்கும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

புதிதாக வந்த ஒருவர்: ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் மேலே தடித்த கோட்டும் போதாதா?

பருத்தி வேண்டாம். ஏறும்போது வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, முகட்டில் காற்றுப் பட்டதும் உடல் சூட்டை இழுத்துவிடும். கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, ஃபிளீஸ், அதன்மேல் மழையும் காற்றும் புகாத மேற்சட்டை என்று அடுக்கடுக்காக அணிந்து, வியர்க்கும் முன்பே ஒன்றைக் கழற்றிவிடுங்கள்.

அதே நபர்: பாதை கல் பாவியது என்கிறார்களே, வழுக்காதா?

மண் அரிப்பைத் தடுக்கவே அந்தப் பலகைக் கற்களைப் பதித்திருக்கிறார்கள். சேற்றுக்கு அவை வரம், உறைபனிக்குச் சாபம். காலணிமேல் மாட்டும் முள் பட்டையைப் பையில் வைத்திருங்கள். பேக் டோரின் செங்குத்தான பகுதியை நாம் ஏறிக் கடக்கிறோம். பனிக்கட்டியில் அதை இறங்கிக் கடப்பதைவிட இது எவ்வளவோ எளிது.

ஒரு வாசகி: மாம் டோருக்கு 'நடுங்கும் மலை' என்று ஏன் பெயர்?

மாம் டோரின் கிழக்குச் சரிவில் மணற்கல்லுக்கு அடியில் உறுதியற்ற களிப்பாறை இருக்கிறது. அது மழைநீரில் வலுவிழக்க, நிலம் இன்றும் சரிந்துகொண்டே இருக்கிறது. அச்சரிவின் குறுக்கே போன நெடுஞ்சாலையைத் திரும்பத் திரும்பச் செப்பனிட்டு அலுத்துப்போய், 1979இல் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். நெளிந்து பிளந்த அந்தத் தார்ச்சாலையை உச்சியிலிருந்தே பார்க்கலாம்.

புகைப்பட ஆர்வலர்: பள்ளத்தாக்கு முழுவதும் மேகக் கடலாகத் தெரியும் காட்சி எப்போது கிடைக்கும்?

காற்றில்லாத, வானம் தெளிந்த இரவுக்கு அடுத்த காலையில் வாய்ப்பு அதிகம். குளிர்ந்து கனத்த காற்று பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்கி மூடுபனியாகும். மேலே வெயில் அடிக்கும். கீழே ஈடேலில் ஒன்றும் தெரியவில்லை என்று திரும்பிவிடாதீர்கள். குளிரில் கைப்பேசியின் மின்கலம் விரைவாக இறங்கும் என்பதால் அதை உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அச்சிட்ட வரைபடம் ஒன்றும் எடுத்துச் செல்லுங்கள்.

விபத்து நேர்ந்தால்?

999ஐ அழைத்து முதலில் காவல்துறையையும், பிறகு மலை மீட்புக் குழுவையும் கேளுங்கள். சிக்னல் இல்லையென்றால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுங்கள்.

நாயை அழைத்து வரலாமா?

தாராளமாக. ஆனால் வழியெங்கும் ஆடுகள் மேயும். கழுத்து வாரை விடாதீர்கள்.