எண்ணெய் வழியும் நெற்றி, இழுக்கும் கன்னம்: எந்தப் பவுண்டேஷன் பொருந்தும்?

கேள்வி: கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வயது 27. தினமும் ஸ்கூட்டரில்தான் போய் வருகிறேன். காலை பத்து மணிக்கே நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வழியத் தொடங்கிவிடும். கன்னமோ சவர்க்காரம் போட்டுக் கழுவினால் இழுக்கும். லண்டனில் இருக்கும் சித்தி அனுப்பிய பவுண்டேஷனைப் பூசினால் முதலில் நன்றாகத்தான் இருக்கிறது. மதியத்துக்குள் முகம் சாம்பல் பூத்துவிடுகிறது. ஆவணியில் அக்காவின் திருமணம், நான்தான் தோழி. எந்த வகையை வாங்குவது?

பதில்: உங்களுடையது கலப்புச் சருமம். நம் பக்கத்தில் பலருக்கும் அப்படித்தான். ஆனால் முகம் சாம்பல் பூப்பதற்குச் சருமத்தின் வகையை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்தப் போத்தலின் நிறம் உங்களுக்கு உரியதல்ல என்பதே என் சந்தேகம்.

பவுண்டேஷனுக்கு நிறம் கொடுப்பவை பெரும்பாலும் டைட்டானியம் டயொக்சைடு என்ற வெள்ளைப் பொடியும், மஞ்சள், சிவப்பு, கறுப்பு இரும்பு ஒக்சைடுகளும்தான். வெளிர் நிறப் போத்தலில் வெள்ளைப் பொடி அதிகம். ஈரமாக இருக்கும்வரை அது தெரியாது. காய்ந்த பிறகு மாநிறத் தோலின்மேல் சாம்பலாக எழுந்து நிற்கும். எண்ணெயும் வியர்வையும் ஆங்காங்கே அதைக் கரைத்துவிட, மிச்சமான திட்டுகள் இன்னும் வெளிறித் தெரியும். வெளிநாட்டிலிருந்து அன்போடு வரும் போத்தல்கள் பெரும்பாலும் உத்தேசத்தில் தெரிவானவை. அதோடு, 'ஒரு படி வெளுப்பாக எடுத்தால் நல்லது' என்ற எண்ணம் அனுப்புபவருக்கும் இருக்கும், வாங்குபவருக்கும் இருக்கும். முகத்தை வெளுப்பாக்குவது பவுண்டேஷனின் வேலை அல்ல. திட்டுத்திட்டான நிறத்தை ஒன்றாக்குவது மட்டுமே அதன் வேலை.

ஆகவே முதலில் நிறத்தைப் பாருங்கள். கையின் பின்புறத்தில் பூசிப் பார்ப்பதால் பயன் இல்லை, கையின் நிறம் வேறு. முகத்தின் நடுப்பகுதியும் சரிவராது. பலருக்கு நெற்றியின் ஓரமும் வாயைச் சுற்றியுள்ள இடமும் கன்னத்தைவிடக் கறுப்பாக இருக்கும். தாடை எலும்பின் ஓரத்தில், கழுத்துக்குச் சற்று மேலே, நெருங்கிய மூன்று நிறங்களைக் கோடுகளாக இழுங்கள். பிறகு கடைக்கு வெளியே வாருங்கள். கண்ணாடி அலுமாரிக்கு மேலே எரியும் வெள்ளை விளக்கில் எல்லா நிறமும் அழகாகத்தான் தெரியும். வாசலின் நிழலில், பகல் வெளிச்சத்தில், கால் மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். எந்தக் கோடு எங்கே முடிகிறது என்று தெரியவில்லையோ அதுவே உங்களுடையது. சில பவுண்டேஷன்கள் தோலின் எண்ணெயோடு சேர்ந்து அரைப் படி கறுக்கும். காத்திருக்கச் சொல்வது அதற்காகத்தான். நம்மவரில் அநேகருக்குத் தோலின் அடியில் மஞ்சள் அல்லது பொன் சாயல் ஓடும். இளஞ்சிவப்புச் சாயல் உள்ள போத்தல் அதன்மேல் ஒட்டாது. மணிக்கட்டின் நரம்பைப் பார்த்துச் சாயலைக் கண்டுபிடிக்கும் முறை பலரும் சொல்வது. கருமையான தோலில் அது அவ்வளவு கைகொடுப்பதில்லை. நான் தாடையில் இழுத்த கோடுகளையே நம்புவேன்.

இனி வகை. சருமத்தை அறிய, இரவில் பேஸ்வோஷால் முகத்தைக் கழுவி, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் இருங்கள். மெல்லிய ரிஷ்யூத் தாளை நெற்றி, மூக்கு, கன்னம் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒற்றிப் பாருங்கள். எங்கும் எண்ணெய் என்றால் எண்ணெய்ச் சருமம். எங்கும் இல்லாமல் தோல் இழுத்தால் உலர் சருமம். நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் என்றால் உங்களைப் போலக் கலப்பு. ஆனால் சவர்க்காரத்தால் கழுவிவிட்டு இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். கடினமான கிணற்று நீரில் சவர்க்காரம் நுரைக்காமல் ஒரு படலமாகத் தோலில் படிந்து, யாருடைய கன்னத்தையும் இழுக்க வைக்கும். உங்கள் 'உலர்ந்த கன்னத்தில்' பாதி கிணற்று நீரின் கைவரிசையாகவும் இருக்கலாம். பேஸ்வோஷுக்கு மாறி இரண்டு வாரம் பார்த்த பின் வாங்குங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது, எண்ணெய் கலக்காத, மெல்லிய, பளபளப்பில்லாத திரவ பவுண்டேஷன். முழுக்க மூடும் கனத்த வகை வேண்டாம். கன்னத்தில் முதலில் மொய்ஸ்சரைசர் தடவி ஐந்து நிமிடம் விடுங்கள்; நெற்றிக்கும் மூக்குக்கும் அது சொட்டுப்போல் போதும். எண்ணெய் வழியும் இடத்தில் மட்டும், பவுண்டேஷனுக்கு முன் பூசும் அடிப்பூச்சான பிரைமர், அதுவும் சிலிகோன் சேர்ந்தது. டைமெதிக்கோன் என்ற பெயர் சேர்மானப் பட்டியலில் முன்னால் இருந்தால் அந்த வகைதான். அதன்மேல் வரும் பவுண்டேஷன் திரளுகிறதா என்று வீட்டில் ஒரு நாள் பார்த்துவிடுங்கள். சில சோடிகள் ஒத்துப்போகாமல் உருண்டை உருண்டையாகக் கழன்று வரும். முழுக்க உலர்ந்த சருமக்காரர்களுக்குக் கிளிசரின் சேர்ந்த ஈரப்பதமான திரவமோ கிரீமோ நல்லது. பவுடர் வகை அவர்களின் தோல் சுருக்கங்களில் தேங்கும். பருக்கள் உள்ளவர்கள் வாசனை சேர்க்காததைத் தேடி, காதுக்குப் பின்னால் இரண்டு மூன்று நாள் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

ஆவணி என்றால் கச்சான் காற்று இன்னும் ஓய்ந்திராது. வெயில், புழுதி, மணவறையின் ஓமப் புகை, வீடியோக்காரரின் விளக்கு எல்லாம் ஒன்றுசேரும். அதற்காகத் தடிப்பாகப் பூசுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. தடிப்பான பூச்சு வியர்வையில் வெடிக்கும். ஈரப்படுத்திப் பிழிந்த ஸ்பொஞ்சால் மெல்லிய ஒரு பூச்சை ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். கறுத்த இடங்களில் மட்டும் இரண்டாவது முறை. பிறகு ரிஷ்யூவால் ஒருமுறை அழுத்தி எடுத்துவிட்டு, நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் பவுடர். அன்று வியர்த்தால் கைக்குட்டையால் அழுத்துங்கள். எண்ணெயை எடுக்காமல் அதன்மேலேயே பவுடரை அப்பினால் மா குழைந்த மாதிரி ஆகிவிடும்.

டைட்டானியம் டயொக்சைடு, சிங்க் ஒக்சைடு அதிகமுள்ள சன்ஸ்கிரீனும், அதைச் சேர்த்த பவுண்டேஷனும் பிளாஷ் ஒளியில் முகத்தை வெள்ளையாகக் காட்டலாம். சிலிக்கா மிகுந்த, நிறமற்ற பவுடரும் அப்படியே. முந்தைய வாரமே முழு அலங்காரத்தோடு, இருட்டு அறையில் தொலைபேசியின் பிளாஷால் ஒரு படம் எடுத்தால் விடை கிடைத்துவிடும்.

வேலை நாளில் ஸ்கூட்டர் பயணத்துக்குச் சன்ஸ்கிரீன் தனியாக வேண்டும். பவுண்டேஷன் போத்தலில் அச்சிட்ட எஸ்பிஎப் எண்ணை, அதாவது வெயிலிலிருந்து காக்கும் அளவைக் குறிக்கும் எண்ணை, நம்ப வேண்டாம். அந்தப் பாதுகாப்பு, தோலின் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசி அளந்தது. அவ்வளவு பவுண்டேஷனை யாரும் பூசுவதில்லை, பூசினால் பார்க்கவும் முடியாது.

சித்தியின் போத்தலை எறிய முன் அடியிலோ பின்னாலோ பாருங்கள்: மூடி திறந்த சிறு டப்பாவின் படமும் அதற்குள் ஓர் எண்ணும் இருக்கும். 12 என்றால் திறந்து 12 மாதம்வரை. தகரக் கூரையின் கீழோ ஸ்கூட்டர் பெட்டியிலோ வைத்தால் அதற்கு முன்பே கெட்டுவிடும். மணம் மாறியிருந்தாலோ, குலுக்கியும் எண்ணெய் தனியாக மிதந்தாலோ குப்பைக்குத்தான். நன்றாக இருந்தால் ஆழ்ந்த நிறத்துப் போத்தல் ஒன்று வாங்கி இரண்டையும் கலந்து பூசலாம். காசு வீணாகாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். திருமணம் நெருங்கும்போது யாராவது பெயர் ஒட்டாத டப்பாவில் 'வெளுப்பாக்கும் கிரீம்' கொண்டுவருவார்கள். அவற்றில் பாதரசமோ ஸ்டீரொய்ட்டோ கலந்திருக்க இடமுண்டு. பாதரசம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஸ்டீரொய்ட் தோலை மெலியச் செய்து, சிவப்பையும் பருக்களையும் கொண்டுவரும். அந்தத் தோலில் எந்தப் பவுண்டேஷனும் எரியும். ஏற்கெனவே பூசி வந்திருந்தால் தோல் வைத்திய நிபுணரிடம் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

திருமணத்துக்கு முந்தைய இரண்டு வாரங்களில் பேஷியல் உட்படப் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். அன்றிரவு எவ்வளவு களைப்பாக இருந்தாலும், மேக்கப் அகற்றும் திரவத்தைப் பஞ்சில் நனைத்துத் துடைத்து, பிறகு பேஸ்வோஷால் கழுவிவிட்டுப் படுங்கள். தேங்காய் எண்ணெயால் துடைப்பது உலர் சருமத்துக்குச் சரி. உங்கள் நெற்றிக்கும் மூக்குக்கும் வேண்டாம், தோலின் நுண்துவாரங்கள் அடைபட்டுப் பரு வரும்.