திருக்கைக்குத் தங்கமீன் தீனி வேண்டாம்

கேள்வி: மதுரையில் வீட்டுத் தொட்டியில் மோட்டோரோ என்ற நன்னீர்த் திருக்கை ஒன்று வளர்க்கிறேன். ஒரு சாண் அகலம் இருக்கும். கடைக்காரர் சொன்னபடி இரண்டு மாதமாக உயிருள்ள தங்கமீன் குஞ்சுகளைப் போடுகிறேன். நன்றாகத் தின்றும் மெலிகிறது. வால் தொடங்கும் இடத்தில் எலும்பு துருத்துகிறது. மாட்டு இதயமும் வைட்டமின் சொட்டு மருந்தும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். தங்கமீனை இன்றே நிறுத்துங்கள்.

தங்கமீன் கெண்டைக் குடும்பத்து மீன். அதன் உடலில் தயாமினேஸ் என்றொரு நொதி இருக்கிறது. அது பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். அதையே தின்னும் மீனுக்கு வயிறு நிறையும், சத்து சேராது. நாளாக ஆக நரம்பு கெட்டு நீச்சல் தடுமாறும். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது, வேகவைத்தால்தான் அந்த நொதி அடங்கும். சொட்டு மருந்தை அந்த மீன் மேலேயே ஊற்றினால் அதிலுள்ள பி1-உம் சேர்ந்து வீணாகும். இது போக, தீனிக்கென்றே விற்கும் இந்தப் பீடர் மீன்களை நெருக்கியடித்து வளர்ப்பதால் அவற்றோடு ஒட்டுண்ணியும் உங்கள் தொட்டிக்கு வருகிறது. மாட்டு இதயத்தின் கொழுப்பு மீனுக்குச் சரியாகச் செரிக்காது.

அமேசான், பரானா ஆறுகளில் மோட்டோரோ மணலைக் கிளறிப் பூச்சிப் புழு, இறால், நண்டு எல்லாம் தின்னும். நாமும் அதையொட்டியே கொடுக்கலாம்: மண்புழு, தோலுரித்த இறால், முள் நீக்கிய மீன் துண்டு. மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். இறாலிலும் சில வகைகளில் அந்த நொதி உண்டு, அதனால் இறால் மட்டுமே என்று இருந்துவிட வேண்டாம். மண்புழுவை உரம், பூச்சிமருந்து படாத இடத்தில் எடுங்கள். மஞ்சள் நிறத்தில் நாறும் திரவம் கக்கும் சிவப்பு உரப்புழு வேண்டாம்.

மீன் துண்டுக்கு ஜிலேபி கெண்டை நல்லது. கெண்டை கூடாது என்றீர்களே என்று கேட்பீர்கள். பேரில்தான் கெண்டை, அது திலாப்பியா, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வேறு குடும்பத்து மீன். இந்தப் பெயரால் குழம்பி அதை ஒதுக்கிவிட்டு நெத்திலியும் மத்தியும் வாங்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இனங்கள் சிலவற்றில்தான் தயாமினேஸ் இருக்கிறது. சந்தையில் ஜிலேபி என்று கேட்டு வாங்குங்கள், கட்லா, ரோகு வேண்டாம்.

சிறிய திருக்கைக்குத் தினமும் இரண்டு வேளை, வயிறு லேசாகப் புடைக்கும் அளவு போடுங்கள். மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள். அதற்குக் கண் மேலே, வாய் அடியில். பெரும்பாலும் மோப்பத்தால் தீனியைக் கண்டுபிடிக்கும். கூட அரவானா என்ற பெரிய மீன் இருந்தால் எல்லாவற்றையும் அதுவே விழுங்கிவிடும்.

பீடர் விற்பவருக்கு வாராவாரம் வருமானம். மீன் மெலிந்தால் மருந்து விற்கலாம், செத்தால் புது மீன் விற்கலாம். மீன் மருந்தைச் சீட்டில்லாமல் யார் வேண்டுமானாலும் விற்கும் நிலை எத்தனை காலம் நீடிப்பது? சைட்டிஸ் என்ற உயிரின வணிகக் கட்டுப்பாட்டு உலக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பதிய வேண்டும் என்று 2024-இல் விதி வந்தது. மோட்டோரோவும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் பில்லே தராத கடைகளை விட்டுவிட்டு, வாங்கியவரைத்தான் காகிதத்துக்கு அலைய விடுகிறார்கள். கடைக்காரரிடம் மீனுக்கான பில்லை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உயிர்த்தீனிக்குப் பழகிய மீன் செத்த இறாலை முதலில் தொடாது. அதற்காகப் பட்டினி போடாதீர்கள், ஏற்கெனவே மெலிந்திருக்கிறது. நெளியும் மண்புழுவில் ஆரம்பித்து, அப்புறம் இடுக்கியில் இறால் துண்டைப் பிடித்து வாய்ப்பக்கம் நீட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் எலும்பு மறையத் தொடங்காவிட்டால் குடற்புழு இருக்கலாம். மீன் மருத்துவரிடம் காட்டுங்கள். உடலின் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம், அன்றே அம்மோனியாவைச் சோதித்துத் தண்ணீரை மாற்றுங்கள்.